பயணி போய்ச் சேர்ந்த நேரத்தை வைத்துத் தாமதத்தைக் கணக்கிடக் கோரி மனு

அனுப்புநர்
ஓய்வு பெற்ற அஞ்சலக அலுவலர்,
கும்பகோணம், தஞ்சாவூர் மாவட்டம்.
(பெயர், முகவரி, பயணச்சீட்டு எண் ஆகியவை தனித்தாளில்)

பெறுநர்
தலைமை இயக்குநர் அவர்கள்,
சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ),
புது டெல்லி.

பொருள்: நெடுந்தூர விமானத்தில் எகானமி வகுப்புப் பயணிகளுக்கு நேரும் தாமதம், பணம் கட்டிப் பெற்ற இருக்கை பறிபோதல் ஆகியவற்றுக்கு இழப்பீட்டு விதி வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் இயக்குநரகத்தின் விதித்தொகுப்பு, பிரிவு 3, வரிசை எம், பகுதி 4 (விமானம் தாமதமானால் பயணிக்குத் தர வேண்டியவை பற்றியது).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஒன்றிய அரசின் எந்த அலுவலருக்கும் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதித் தரலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு சொல்வதால் இந்த மனுவைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலமும் எனக்கு வரும். விமான நிறுவனத்துக்கு ஆறு தடவை ஆங்கிலத்தில்தான் எழுதினேன். ஆறு தடவையும் ஒரே பதில், தேதி மட்டும் மாறி வந்தது.

டொராண்டோவில் இருக்கும் எங்கள் மகளின் பேறுகாலத்துக்காக நானும் என் மனைவியும் 2024 நவம்பரில் சென்னையிலிருந்து புறப்பட்டோம். எனக்கு 67 வயது, மனைவிக்கு 63. அவருக்குச் சர்க்கரை உண்டு. முந்தைய ஆண்டுதான் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சென்னையிலிருந்து வட அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது என்பது தங்களுக்குத் தெரிந்ததே. வளைகுடா நகரம் ஒன்றில் இறங்கி வேறு விமானம் ஏறுவதாக, இரண்டு கட்டத்துக்கும் ஒரே நிறுவனத்தில் ஒரே சீட்டாக வாங்கினோம். இருவருக்கும் சேர்த்து 2,38,000 ரூபாய். அதற்குமேல், இரண்டாம் கட்டம் பதினான்கு மணி நேரம் என்பதால் கால் நீட்ட இடமுள்ள முன்வரிசையில் அடுத்தடுத்த இரண்டு இருக்கைகளுக்குத் தலைக்கு 6,800 ரூபாய் தனியாகக் கட்டினோம். அவசர வழிக் கதவை ஒட்டிய வரிசையில் இன்னும் தாராளமாக இடம் இருக்கும். ஆனால் அதை மூட்டு அறுவை செய்தவருக்குத் தர மாட்டார்கள். அது நியாயம்தான், அதை நாங்கள் கேட்கவும் இல்லை. சக்கர நாற்காலிக்கும் சைவ உணவுக்கும் முன்கூட்டியே பதிந்திருந்தோம். உணவுப் பட்டியலில் ‘இந்து உணவு’ என்று ஒன்று இருக்கும். நம்மவர்கள் பலர் அதைச் சைவம் என்று நம்பிப் பதிந்துவிடுகிறார்கள். அதில் மாட்டிறைச்சி இருக்காதே தவிர கோழி, மீன் வரலாம். ‘ஆசிய சைவம்’ என்பதுதான் நமக்கானது. அதையும் விசாரித்தே பதிந்தோம்.

இரவு 9.50-க்குக் கிளம்ப வேண்டிய விமானம் சென்னையிலேயே மூன்று மணி நாற்பது நிமிடம் தாமதமானது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். கோளாறோடு பறப்பதைவிடத் தாமதமாகப் பறப்பது மேல் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மூன்று மணி நேரம் தாண்டியதும் ஆளுக்கு ஒரு சமோசாவும் ஒரு பழச்சாறுப் பொட்டலமும் தந்தார்கள். இரண்டரை மணி நேரம் முதல் ஐந்து மணி நேரம் வரை பறக்கும் விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சிற்றுண்டி தர வேண்டும் என்பது தங்கள் விதி. ஆக, விதி நிறைவேறிவிட்டது. எங்கள் தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

நாங்கள் வளைகுடாவில் இறங்கியபோது அங்கே விடியற்காலை நான்கு மணி தாண்டியிருந்தது. டொராண்டோ விமானம் மூன்று மணிக்கே போய்விட்டது. அடுத்த விமானம் பிற்பகல் மூன்றரைக்கு. பதினோரு மணி நேரம். ஓட்டல் அறை கேட்டோம். இரவு 8 மணியிலிருந்து விடியற்காலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஓட்டல் தர வேண்டும் என்ற தங்கள் விதியை நான் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். அங்கிருந்த அலுவலர் பொறுமையாகப் படித்துவிட்டு, “உங்கள் விமானம் தாமதமானது மூன்று மணி நாற்பது நிமிடம்தானே சார்” என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. சென்னையில் நாங்கள் பட்ட தாமதம் மூன்று மணி நாற்பது நிமிடம். டொராண்டோவில் எங்களுக்காகக் காத்திருந்த மருமகன் பட்ட தாமதம் பன்னிரண்டரை மணி நேரம். இரண்டும் ஒரே தாமதம்தான், ஆனால் விதியின் கண்ணுக்கு முன்னது மட்டுமே தெரிகிறது.

ஐயா, நான் 34 ஆண்டுகள் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவன். ஒரு தபாலை எத்தனை மணிக்குப் பையில் போட்டு அரக்கு வைத்தீர்கள் என்று ஜனங்கள் யாரும் எங்களிடம் கேட்டதில்லை. எப்போது போய்ச் சேர்ந்தது என்றுதான் கேட்பார்கள். ஸ்பீட் போஸ்ட் குறித்த நாளுக்குள் சேராவிட்டால் கட்டணத்தைத் திருப்பித் தரும் விதி எங்கள் துறையில் இருந்தது. ஒரு கடித உறைக்கு இருந்த அந்த மரியாதை, இரண்டே கால் இலட்சத்துக்கு மேல் கொடுத்துப் போகிற மனிதனுக்கு இல்லாமல் போனது எப்படி என்பதே என் கேள்வி.

வேறு நாடுகளில் இதை யோசித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் விதியின்படி, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுந்தூரப் பயணத்தில் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு. அங்கே கணக்கு, கடைசியாக இறங்கும் ஊரில் எவ்வளவு தாமதம் என்பது. கனடாவில் 2019 முதல் நடப்பில் இருக்கும் விதியும் அப்படியே. நிறுவனத்தின் பொறுப்பில் வரும் காரணத்தால் ஒன்பது மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பெரிய நிறுவனங்கள் 1,000 கனடா டாலர் தர வேண்டும். மருமகன் அந்த விதியின்படி அங்கே மனுப் போட்டிருக்கிறார். ‘பாதுகாப்புக் காரணம்’ என்று நிறுவனம் மறுத்திருக்கிறது. அது அதன் வழியில் நடக்கட்டும். நம் நாட்டு மண்ணிலிருந்து கிளம்பிய பயணிக்கு நம் நாட்டு விதி என்ன தருகிறது என்று பார்த்தால், தாமதத்துக்கு உணவும் தங்குமிடமும், தாமதம் மிக நீண்டால் மாற்று விமானமோ கட்டணத்தைத் திரும்பப் பெறுவதோதான். தாமதத்தை அது கணக்கிடுவது கிளம்பும் நேரத்தை வைத்து, போய்ச் சேர்ந்த நேரத்தை வைத்து அல்ல.

விமானம் மாறியதும் மற்றவை ஒவ்வொன்றாகக் கழன்றன. புதிய போர்டிங் பாஸில் மனைவிக்கு 44ஈ, எனக்கு 51பி. இரண்டும் நடு இருக்கைகள், இடையில் ஆறு வரிசை. பணம் கட்டிய இருக்கை எங்கே என்றேன். “அது அந்த விமானத்தில் சார்” என்றார்கள். சக்கர நாற்காலிப் பதிவும் அந்த விமானத்தோடு போயிருந்தது. ஒரு முனையத்திலிருந்து இன்னொரு முனையக் கோடிவரை என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். நடுவே நான்கு முறை உட்கார வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில் சக்கர நாற்காலிப் பற்றாக்குறையால், மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலியோடு நடந்துபோன 80 வயதுப் பயணி ஒருவர் விழுந்து இறந்ததும், அதற்காகத் தாங்கள் அந்த நிறுவனத்துக்கு 30 இலட்சம் ரூபாய் அபராதம் விதித்ததும் அப்போது என் நினைவில் ஓடிக்கொண்டே இருந்தன. அவரிடம் சொல்லவில்லை.

அது போயிங் 777 விமானம். மூன்று, நான்கு, மூன்று என்று வரிசைக்குப் பத்துப் பேர். இதே விமானத்தில் ஒரு காலத்தில் வரிசைக்கு ஒன்பது பேரை உட்காரவைத்தார்கள். விமானத்தின் அகலம் மாறவில்லை, வரிசைக்கு ஆள் மட்டும் ஒன்று கூடியது. இருக்கையின் அகலம் சுமார் 17 அங்குலம். ஒரு முழத்துக்கு ஓர் அங்குலம் குறைவு. எங்கள் ஊர்ப் பூக்காரம்மா ஒரு முழம் பூவில் ஓர் அங்குலம் குறைத்தால் கேட்க ஆள் உண்டு. கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு ஏழு மணி நேரம் போகிற ஆம்னி பஸ்ஸில்கூட இதைவிட நன்றாகக் காலை நீட்டலாம். மனைவியின் முன் இருக்கைக்குக் கீழே படம் பார்க்கும் திரைக்கான கருவி வைத்த இரும்புப் பெட்டி ஒன்று வேறு பொருத்தப்பட்டிருந்தது. அறுவை செய்த காலை நீட்ட வேண்டிய இடம் அதுதான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்வோருக்கு இரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இலேயே சொல்லியிருக்கிறது. இருபுறமும் முன்பின் தெரியாதவர்கள் தூங்கும்போது அவர்களைத் தட்டி எழுப்ப எத்தனை முறை ஒருவருக்கு மனசு வரும்? அவர் மூன்று முறைதான் எழுந்தார். மூன்றில் இரண்டு, கழிவறைக்கு. பின்பகுதியில் இருந்த நான்கு கழிவறைகளில் இரண்டைப் பூட்டியிருந்தார்கள். மீதி இரண்டின் நிலையை இங்கே எழுதுவது தங்களுக்கு மரியாதை இல்லை. டொராண்டோவில் இறங்கியபோது செருப்பு அவர் காலில் நுழையவில்லை.

சைவ உணவும் பழைய விமானத்தோடு போய்விட்டது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன மிளகாய்ப்பொடி இட்லி வளைகுடாவிலேயே தீர்ந்திருந்தது. சர்க்கரை மாத்திரை போட்டவர் பதினான்கு மணி நேரத்தை இரண்டு பன், கொஞ்சம் பழத்துண்டு, ஒரு வாழைப்பழம் இவற்றோடு கழித்தார். அந்த வாழைப்பழம் ஒரு மலையாளப் பணிப்பெண் தன் சாப்பாட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது. விமானத்தில் வேலை பார்க்கிறவர்களைக் குறை சொல்ல இந்த மனு இல்லை. அத்தனை பேருக்கு அவர்கள் எத்தனை பேர் ஓடுவார்கள்? என் திரை வேலை செய்யவில்லை, பெட்டி ஒன்று மூன்று நாள் கழித்து வந்தது. இவற்றுக்காக நான் மனு எழுதியிருக்க மாட்டேன்.

ஊரில் இருந்தபடி இருக்கைப் பணம் 13,600 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். ‘இயக்கக் காரணங்களால் இருக்கை மாறலாம்’ என்பது ஆறு தடவையும் வந்த பதில். இணையவழிக் குறைதீர் தளத்தில் பதிந்தேன். நிறுவனம் பதில் அளித்துவிட்டது என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டார்கள். அந்தப் பதில் எனக்குத் தீர்வா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

2023 பிப்ரவரி 15 முதல் தாங்கள் ஒரு நல்ல விதி கொண்டுவந்தீர்கள். உயர் வகுப்புச் சீட்டு வாங்கியவரைக் கீழ் வகுப்பில் உட்காரவைத்தால், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணத்தில் வரியோடு சேர்த்துச் சீட்டு விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்த விதி பேசுவது வகுப்பு மாற்றத்தை. எகானமிக்காரனை இறக்கிவிட அதற்குக் கீழே வகுப்பு இல்லை, ஆகையால் அவனுக்கு விதியும் இல்லை. முன்வரிசைக்குப் பணம் கட்டியவனை 51-ஆம் வரிசை நடு இருக்கையில் போடுவதும் இறக்குவதுதான், ஐயா.

ஆகவே, ஒரே சீட்டில் தொடர் விமானம் ஏறும் பயணிக்கு, கடைசி ஊரில் எவ்வளவு தாமதமாக இறங்கினார் என்பதை வைத்து உணவு, ஓட்டல், இழப்பீடு மூன்றையும் கணக்கிடும்படி பார்வையில் கண்ட விதியைத் திருத்த வேண்டுகிறேன். இதுவே என் முதன்மைக் கோரிக்கை. தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகிற ஒவ்வொருவரும் எங்கோ ஓர் ஊரில் மாறித்தான் ஆக வேண்டும் என்பதால் இது எங்களுக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. தனிக்கட்டணம் கட்டிய இருக்கையோ உணவோ கிடைக்காதபோது, பயணி விண்ணப்பிக்காமலே ஏழு நாளுக்குள் பணம் அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். விமானம் மாறினால் சக்கர நாற்காலிப் பதிவும் உணவுப் பதிவும் பயணியோடு மாற வேண்டும். அவை பயணியின் பெயரில் பதிந்தவை, விமானத்தின் பெயரில் அல்ல.

இருக்கை அளவைப் பற்றி ஒன்று. குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்கும்படி அமெரிக்க நாடாளுமன்றம் 2018-இல் சட்டம் போட்டும், அங்கே விவாதம்தான் நீள்கிறது. எனவே அளவை நிர்ணயிக்கும்படி தங்களை நான் கேட்கவில்லை. விற்கும்போதே அகலம் எத்தனை அங்குலம், வரிசை இடைவெளி எத்தனை அங்குலம் என்று விலைக்குப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள், போதும். புகார் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் புகாரை முடிக்கக் கூடாது என்றும் ஓர் ஆணை வேண்டும்.

என் 13,600 ரூபாய்க்கும் தாங்கள் அந்த நிறுவனத்திடம் விளக்கம் கேட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். பேத்தி நலமாகப் பிறந்தாள். அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு வரச் சொல்கிறார்கள். மனைவி இன்னும் பதில் சொல்லவில்லை.

இணைப்பு: பயணச்சீட்டு, இருக்கைக் கட்டண ரசீது, இரண்டு போர்டிங் பாஸ்கள், ஆறு பதில்களின் நகல், மருத்துவச் சான்று.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: கும்பகோணம்
நாள்: 2025 ஜூன்

நகல்: டிஜிசிஏ தென் மண்டல அலுவலகம், சென்னை – தகவலுக்காக.