பவர் சப்ளைக்குத்தான் முதல் மரியாதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய இசைத்தட்டுகளையும், அதன் ஊசியிலிருந்து வருகிற மெல்லிய சத்தத்தை முதலில் பெருக்குகிற கண்ணாடி வால்வுப் பெட்டியான ப்ரீஆம்ப்ளிஃபையரையும் தேடித் தேடிச் சேர்க்கிற இளைஞர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். படித்து மனசு நிறைந்துபோனது. இந்தத் தொழில் எங்களோடு முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கட்டுரையில் வால்வு எரிகிற அழகு இருக்கிறது, சத்தத்தின் இதம் இருக்கிறது, அந்தப் பெட்டிக்குள் பவர் சப்ளையில், அதாவது வீட்டுக் கரண்டை வால்வுக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுக்கிற பகுதியில், 250, 300 வோல்ட் டி.சி. நிற்கிறது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. கட்டுரை வந்த வாரமே அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு என்னிடம் வந்தார்கள். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் வெட்டாமல் போடுங்கள்.

நான் செல்லூரில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவன். 1978-ல் ஒரு ரேடியோ கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அப்போது முளைப்பாரிக்கும் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போகிற ரேடியோ செட் பெரும்பாலும் வால்வு ஆம்ப்ளிஃபையர்தான், வால்வு பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) கம்பெனியில் செய்தது. கடையில் சேர்ந்த முதல் நாள் என் வாத்தியார் எனக்குச் சால்டரிங் அயர்னைக் கொடுக்கவில்லை. கரண்டைப் பிடுங்கிய ஒரு செட்டைத் திருப்பிப் போட்டு, ரெசிஸ்டர் கட்டிய ஒரு வயரால், கரண்டைத் தேக்கி வைத்திருக்கிற பெரிய கண்டென்சரைத் தொட்டு வடியவிட்டு, மீட்டரை வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, "இதைச் செய்யாமல் உள்ளே கை வைத்தால் நாளையிலிருந்து கடைக்கு வராதே" என்றார். இன்றைக்கு வருகிற பிள்ளைகள் என்னைவிடப் படித்தவர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் பழகியது எல்லாம் 5 வோல்ட், 12 வோல்ட். ஒரு மொபைல் சார்ஜரைத் தொடுகிற தைரியத்தோடு இதையும் தொடுகிறார்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். என்னிடம்தான் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினான். செட்டை முடித்து பத்து நாள் நன்றாகப் பாடியது. அப்புறம் ஒரு பக்கம் சத்தம் குறைகிறது என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வால்வு இரண்டையும் கழற்றி வைத்து, உள்ளே ஒரு வயரைப் பிடித்தான். கை உதறிப் போய் சேசிஸ் என்கிற தகரச் சட்டத்தின் விளிம்பில் முழங்கைவரை கிழிந்து ஏழு தையல். "கரண்டே இல்லையே மாமா, இதுக்கு முன்னாடி பத்துத் தடவை கை வெச்சிருக்கேன், ஒண்ணும் ஆகலையே" என்றான். அந்தப் பத்துத் தடவையும் அவனைக் காப்பாற்றியது வால்வு. பிளக்கைப் பிடுங்கினாலும் சூடான வால்வு கொஞ்ச நேரம் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும், கண்டென்சர் தானாகக் காலியாகிவிடும். அன்றைக்கோ வால்வைக் கழற்றிய பிறகு ஒருமுறை பிளக்கைச் செருகி, வோல்டேஜ் மட்டும் பார்த்துவிட்டுப் பிடுங்கியிருக்கிறான். இழுக்க யாரும் இல்லை, 350 வோல்ட் அப்படியே நின்றுவிட்டது. நல்ல கண்டென்சர் மணிக்கணக்கில் அப்படி நிற்கும்.

இதற்கு மருந்து பத்து ரூபாய்கூட ஆகாது. 100 கே (கிலோ ஓம்), 1 வாட் ரெசிஸ்டர் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக் கண்டென்சரின் இரண்டு காலுக்கும் குறுக்கே நிரந்தரமாகப் பற்ற வைத்துவிட வேண்டும். 100 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) கண்டென்சரில் நிற்கிற 350 வோல்ட் 40 நொடியில் 50 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். ஏன் இரண்டு ரெசிஸ்டர் என்றால், சாதாரணமாகக் கடையில் கொடுக்கிற கால் வாட் ரெசிஸ்டர் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதற்குச் செய்ததில்லை, ஒன்றைப் போட்டு அது ஒருநாள் உள்ளே அறுந்துபோனால் நமக்குத் தெரியாது, இரண்டு போட்டால் வோல்டேஜ் ஆளுக்குப் பாதியாகப் பிரிந்துவிடும். அப்படியே இருந்தாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது, அந்த மீட்டரும் சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் தெரிந்த ஒரு வோல்டேஜில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"எங்க வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறது ஐயா, அது விழுந்துவிடும்" என்று, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற ஸ்விட்சை நம்பி நிறையப் பேர் சொல்கிறார்கள். விழாது. டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி, அதாவது வெளியே கொடுக்கிற சுற்று, மெயின்ஸோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது, அங்கே உங்கள் உடம்பு வழியாக எவ்வளவு கரண்ட் போனாலும் வீட்டு லைனில் ஃபேஸும் நியூட்ரலும் சமமாகத்தான் இருக்கும், ஆர்சிசிபிக்கு அது ஒரு பல்பு எரிகிற மாதிரிதான். சேசிஸை மூன்றாவது பின்னோடு எர்த் செய்வது கட்டாயம், ஆனால் அதுவும் ஒரு கை எச்.டி. என்கிற அந்த உயர் வோல்டேஜ் லைனிலும் மறு கை சேசிஸிலும் இருக்கிறவரைக் காப்பாற்றாது. அதனால்தான் பழைய மெக்கானிக்குகள் கரண்டோடு பார்க்கும்போது இடது கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

சரி, ஆபத்துக்காக மட்டும் பவர் சப்ளையைப் பற்றி இவ்வளவு பேசவில்லை. பிள்ளைகள் வால்வுக்கும் வெளிநாட்டுக் கண்டென்சருக்கும் ஆயிரம் ஆயிரமாகச் செலவு செய்துவிட்டு, மிச்சம் கிடக்கிற காசில் பவர் சப்ளை செய்கிறார்கள். கோயில் வாசலில் முதல் மரியாதை யாருக்கு என்று தெரியாமல் பரிவட்டம் கட்டுகிற மாதிரி இது. வால்வு தானாக ஒரு சத்தத்தையும் உண்டாக்குவதில்லை, பவர் சப்ளை கொடுக்கிற கரண்டைப் பாட்டுக்குத் தகுந்தபடி கூட்டியும் குறைத்தும் விடுகிறது, அவ்வளவுதான். இசைத்தட்டு ஊசியிலிருந்து வருவது ஏறக்குறைய 5 மில்லிவோல்ட். ஈசிசி83 வால்வின் ஒரு பாதி அதை அறுபது மடங்கு பெருக்கினால் 300 மில்லிவோல்ட். 20 மில்லிஆம்பியர் இழுக்கிற செட்டில், ஏ.சி.யை டி.சி.யாக்குகிற டயோடுக்கு அடுத்து ஒரே ஒரு 100 எம்எஃப்டி இருந்தால் அதன் மேல் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிற அலை கிட்டத்தட்ட 2 வோல்ட், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நேராக வால்விலிருந்து பாட்டு வெளியே வருகிற பிளேட்டில் வந்து நிற்கும். அதாவது பாட்டும் உறுமலும் ஏறக்குறைய ஒரே உயரம். வீணையை மெல்ல மீட்டுகிற இடத்தில் உறுமல் மட்டும்தான் கேட்கும்.

சோக் என்கிற இரும்பில் சுற்றிய காயிலும் ரெசிஸ்டரும் இன்னும் இரண்டு கண்டென்சரும் போட்டால் உறுமல் அடங்கிவிடும், நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஆனால் நம் ஊர்ப் பக்கத்து லைனுக்கு அது போதாது. வாடிப்பட்டியிலிருந்து ஒரு தம்பி செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான், என் கடையில் வைத்தால் அருமையாகப் பாடுகிறது, அவன் வீட்டில் வைத்தால் பாட்டு அலைகிறது. மீட்டரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னேன். தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றியிருக்கிற பம்புசெட் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்து அவன் வீட்டு லைன் 190-க்கு இறங்குகிறது, ராத்திரி எல்லாம் நின்றதும் 250-க்குப் போகிறது. 230-க்கு 250 வோல்ட் கொடுக்கிற செகண்டரி என்றால், டயோடுக்கு அப்புறம் சாதாரணமாக 350 வோல்ட் வரும். லைன் 190 ஆனால் அது 292, லைன் 250 ஆனால் 384. கிட்டத்தட்ட 90 வோல்ட் ஊஞ்சல். இதை எந்தச் சோக்கும் பிடித்து நிறுத்தாது. இதற்குத்தான் வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்துகிற ரெகுலேட்டர்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஜீனர் என்பது தன் மேல் ஒரு குறிப்பிட்ட வோல்டேஜை நிறுத்தி வைக்கிற டயோடு, 51 வோல்ட், 1 வாட் ஜீனர் ஐந்தை வரிசையாகக் கட்டினால் 255 வோல்ட். அதற்கு 33 கே ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சமாகக் கரண்ட் கொடுத்து, ஜீனர் போடுகிற இரைச்சல் அடங்க மேலே ஒரு 10 எம்எஃப்டி, அந்த வோல்டேஜை 1 கே வழியாக ஐஆர்எஃப்840 மாஸ்ஃபெட் என்கிற டிரான்சிஸ்டரின் கேட் காலுக்குக் கொடுத்தால், வெளியே கொடுக்கிற சோர்ஸ் காலில் ஏறக்குறைய 250 வோல்ட் ஆடாமல் நிற்கும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் 15 வோல்ட் ஜீனர் ஒன்று கண்டிப்பாக வேண்டும், இல்லாவிட்டால் அவுட்புட்டில் ஒரு கணம் ஷார்ட் ஆனால் மாஸ்ஃபெட் போய்விடும். லைன் 190-க்கு இறங்கினாலும் உள்ளே 292, வெளியே 250, நாற்பது வோல்ட் கையிருப்பு. லைன் ஏறினால் மிச்சம் 134 வோல்ட்டும் மாஸ்ஃபெட்டில் சூடாகப் போகும், 20 மில்லிஆம்பியருக்கு இரண்டே முக்கால் வாட் பக்கம், அலுமினிய ஹீட்சிங்க் இல்லாமல் முடியாது. இங்கேதான் கவனம். அந்த மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடு கரண்ட் உள்ளே வருகிற டிரெயின் காலோடு சேர்ந்தது, அதாவது அந்தத் தகட்டில் 350 வோல்ட் நிற்கிறது. மைக்கா தாளும் ஸ்க்ரூவுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் போடாமல் முடுக்கினால் ஹீட்சிங்க் முழுக்கக் கரண்ட். முடுக்கிய பிறகு மீட்டர் வைத்துத் தகடும் சேசிஸும் ஒட்டவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் பிளக்கைச் செருக வேண்டும்.

சிலர் எல்எம்317 என்கிற சின்ன ரெகுலேட்டர் ஐ.சி.யை நேராக 300 வோல்ட்டில் தொங்கவிடுகிறார்கள். அதன் உள்ளுக்கும் வெளிக்கும் நடுவில் 40 வோல்ட்டுக்கு மேல் அது தாங்காது. செட் ஓடிக்கொண்டிருக்கும்போது வித்தியாசம் குறைவாக இருப்பதால் பிழைத்துக் கிடக்கும், ஸ்விட்சைப் போடுகிற நேரத்தில் வெளியே இருக்கிற கண்டென்சர் காலியாக இருக்கும்போது முழு வோல்டேஜும் அதன் தலையில் விழும், அன்றோடு சரி. அதைத்தான் போட வேண்டும் என்றால் முன்னால் இன்னொரு டிரான்சிஸ்டர் நின்று பாரத்தைச் சுமக்க வேண்டும், அந்த முறையை நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனியின் மைக்கேல் மைடா 1980-லேயே எழுதிக் கொடுத்துவிட்டார். கண்டென்சர் 450 வோல்ட்டுக்குக் குறையாமல் வாங்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டயோடு உடனே வேலை செய்யும், வால்வு சூடாக அரை நிமிஷம் ஆகும், அதுவரை 384-ஐயும் கண்டென்சர்தான் தனியாகத் தாங்குகிறது. 350 வோல்ட் போட்ட பழைய சரக்கைக் காயலான் கடையிலிருந்து எடுத்து வந்து வெடிக்கவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

டிரான்ஸ்ஃபார்மர் என் தொழில், அதில் இரண்டு வார்த்தை. ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒன்றேகால் அங்குல ஸ்டாம்பிங், அதாவது நடுவில் அடுக்குகிற இரும்புத் தகடு, என்றால் கணக்குப்படி வோல்ட்டுக்கு நாலரைச் சுற்று போதும். ப்ரீஆம்புக்கு நான் ஐந்தரை போடுகிறேன், கம்பி கூடுதல், நேரம் கூடுதல், ஆனால் ராத்திரி 250 வந்தாலும் ஸ்டாம்பிங் திணறாது, பக்கத்தில் இருக்கிற வால்வுக்குள் உறுமல் பாயாது. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவில் ஒரு சுற்றுத் தாமிரத் தகடு வைத்து அதை எர்த் செய்யச் சொல்வேன். அந்தத் தகட்டின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று தொடாமல் நடுவில் காகிதம் இருக்க வேண்டும், தொட்டால் அதுவே ஷார்ட்டான ஒரு சுற்றாகி எரிந்துவிடும். "சின்னதாக, சீப்பாகப் போதும்ண்ணே" என்று கேட்கிறவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்த இளைஞர்களைப் பற்றி மறுபடி எழுதும்போது பவர் சப்ளை படத்தையும், வடிய வைக்கும் ரெசிஸ்டர் எங்கே வர வேண்டும் என்பதையும் கால் பக்கத்துக்குப் போடுங்கள், படத்தை நானே வரைந்து அனுப்புகிறேன். அதுவரை என்னிடம் காயில் கட்ட வருகிற எல்லோருக்கும் 100 கே, 1 வாட் ரெசிஸ்டர் நான்கை ஒரு பொட்டலமாக மடித்து டிரான்ஸ்ஃபார்மரோடு நூலால் கட்டிக் கொடுக்கிறேன், இரண்டு ரெகுலேட்டருக்கு முன்னால், இரண்டு பின்னால். அதற்குக் காசு வாங்குவதில்லை. தையல் போட்ட பையனின் செட்டில் அந்த நான்கையும் நானே உட்கார்ந்து பற்ற வைத்துக் கொடுத்தேன், இப்போது அவன்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் வாசகர்,
செல்லூர், மதுரை.