நிரம்பாத செப்டிக் டேங்குகளைத் திறந்து பார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கீழ்வரிசை வீடுகளில் குடியிருப்போர்

பெறுநர்:
பொறியாளர் அவர்கள்,
கட்டட அனுமதி மற்றும் சுகாதாரப் பிரிவு

பொருள்: மேல்வரிசை வீடுகளின் செப்டிக் டேங்குகளை ஆய்வு செய்து எங்கள் கிணற்றைக் காப்பாற்றக் கோருதல் – முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லாமை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இடத்தைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. சாலை மட்டம் உயர்த்திய சமயத்தில் தாங்களே வந்து நின்று பார்த்த தெருதான். மேட்டில் புது வீடுகள், சரிவு இறங்கினால் எங்கள் வீடுகள், நடுவில் ஒரு வண்டிப்பாதை, பாதையை ஒட்டி எங்கள் கிணறு. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கிணறுதான் என்பதும் தங்களுக்குத் தெரியும்.

இது குறித்து ஏற்கெனவே எழுத்து மூலமாகக் கொடுத்திருக்கிறோம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகல்கள் எங்களிடம் இருக்கின்றன. பதில்தான் இல்லை. அதனால் இந்த முறை கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம், தயவுசெய்து முழுவதும் படிக்க வேண்டுகிறோம்.

1. மேல்வரிசை வீடுகளுக்கு அனுமதி கொடுத்த வரைபடத்தில் இரண்டு அறை கொண்ட, தண்ணீர் கசியாத கான்கிரீட் தொட்டியும் அதற்கு அப்பால், வெளியேறும் நீரை மண்ணுக்குள் இறக்கத் தனியாக ஒரு உறிஞ்சு குழியும் காட்டியிருக்கிறது. கட்டியது அது இல்லை. பள்ளம் தோண்டி, உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் கான்கிரீட் போடாமல் வெறும் மண்ணோடு விட்டு, மேலே ஸ்லாப் போட்டு மூடிவிட்டார்கள். வேலை நடந்தபோது நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அப்போதே சொன்னோம்.

2. “எங்கள் டேங்க் நிரம்பவே இல்லை, இதுவரை லாரியே கூப்பிட்டதில்லை” என்று அந்த வீட்டுக்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். ஐயா, எங்கள் புகாரே அதுதான். ஒழுங்காகக் கட்டிய தொட்டியில் கெட்டியானது அடியில் படியும், எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்குப் போய் அங்கிருந்து வெளியேறும். படிந்த சகதியை வழக்கமாக 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு தடவை லாரி வைத்து உறிஞ்சி எடுத்தே ஆக வேண்டும். தண்ணீரைப் பொறுத்தவரை, வீட்டில் ஆட்கள் குடியேறிய கொஞ்ச நாளிலேயே தொட்டி வெளிக்குழாயின் அடிமட்டம் வரை நிறைந்து அப்படியே நிற்கும், நிற்கத்தான் வேண்டும். நிரம்பவே இல்லை என்றால் உள்ளே போனதெல்லாம் எங்கே போயிற்று? எங்கே போயிற்று என்று எங்கள் கிணற்றில் வாளி விட்டால் தெரிகிறது.

3. தண்ணீரைப் பற்றி. நாங்கள் தூக்கம் கெட்டுக் கிடப்பது இதனால்தான், ஆகவே நீளமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். மழை ஆரம்பித்தால் இரண்டொரு நாளில் நாற்றம் வருகிறது. கோடையில் நாற்றம் குறையும், அதை வைத்துச் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். இந்தத் தெருவில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வரும் என்பது தங்கள் அலுவலகத்துக்குத் தெரியாததா? கழிவுநீரில் இருக்கும் கிருமியைத் தொட்டி கொல்வதில்லை. குழியிலிருந்து கசியும் நீர், நனையாத மண்ணின் வழியாக மெதுவாக இறங்கும்போதுதான் வடிகட்டப்படுகிறது. குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவில் அப்படி ஒரு மண் அடுக்கு இல்லாவிட்டால், கழிவறைக் குழாயைக் கிணற்றில் நேராக விட்டதற்குச் சமம். அதனால்தான் மழைக்கால நீர்மட்டத்தைப் பார்த்து வடிவமைக்க வேண்டும் என்பது. அதனால்தான் கிணற்றிலிருந்து 15 மீட்டர், பல விதிகளில் 30 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்வது. இங்கே இருப்பது ஒரு வண்டிப்பாதை அகலம். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். 100 மில்லி நீரில், மலத்தில் இருக்கும் ஈ கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது, எங்கள் தண்ணீரில் இருக்கிறது. கழிவுநீரிலிருந்து சேரும் நைட்ரேட் உப்பும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருக்கிறது. அறிக்கையின் நகலை முந்தைய மனுவோடு இணைத்திருந்தோம். அதற்குத் தங்கள் அலுவலகத்தில் வாய்மொழியாகக் கிடைத்த ஒரே ஆலோசனை, “கொதிக்க வைத்துக் குடியுங்கள்.” கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஒத்துக்கொள்கிறோம். நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். எங்கள் வரிசையில் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருக்கிறது. அந்த வயதுக் குழந்தைக்கு நைட்ரேட் அதிகமானால் ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுபோக முடியாமல் உடம்பு நீலம் பாரித்துவிடும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அந்தத் தாயிடம் போய்க் கொதிக்க வை என்று நாங்கள் எப்படிச் சொல்வது? அவர் பாலுக்கான தண்ணீரை மட்டும் தெருக்கோடியிலிருந்து இடுப்பில் தூக்கி வருகிறார். மற்றவர்கள் வயிற்றுப்போக்கும் சொறியுமாக இந்தக் கிணற்றையே இறைத்துக்கொண்டிருக்கிறோம், வேறு வழி இல்லை. குளோரினும் போட்டுப் பார்த்தோம். மேலேயிருந்து வந்துகொண்டே இருக்கும்போது அது எத்தனை நாள் தாங்கும்?

4. பணி நிறைவுச் சான்று கொடுக்க வந்தவர் மூடிய ஸ்லாப்பைப் பார்த்துவிட்டுப் போனார். மண்ணை மூடிய பிறகு பார்ப்பது என்ன ஆய்வு?

5. மூடும் முன் பார்த்திருந்தால் பெரிய வேலையே இல்லை. தொட்டியில் தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பது, உள்குழாய் வெளிக்குழாயைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கிறதா, இரண்டிலும் டி (T) வடிவக் குழாய் மாட்டியிருக்கிறதா, ஒவ்வொரு அறைக்கும் மேலே திறக்கிற மாதிரி மூடி உண்டா, காற்றுக்குழாயில் கொசுவலை கட்டியிருக்கிறதா, அவ்வளவுதான். உறிஞ்சு குழிக்கு முன்பே மண் எவ்வளவு வேகத்தில் தண்ணீரை இழுக்கிறது என்று சோதித்திருக்க வேண்டும், அதுவும் குழியை முதல் நாளே ஊற வைத்துவிட்டு. காய்ந்த மண்ணில் ஒரு குடம் ஊற்றி, சர்ரென்று இழுக்கிறது என்று எழுதினால் அது சோதனை ஆகாது. இதையெல்லாம் நாங்கள் தங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைமை வந்ததற்கு வருத்தப்படுகிறோம், ஆனால் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். அப்புறம், மூலை வீட்டில் அந்தக் குழிக்கு மேலேயே கார் நிறுத்துகிறார்கள். மண் இறுகினால் தண்ணீர் இறங்காது, ஸ்லாப் உடைந்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

6. எனவே, ஐயா, நாங்கள் கேட்பது இதுதான். வந்து மூடியைத் திறந்து பாருங்கள். நீர் வெளிக்குழாயின் அடிமட்டத்துக்குக் கீழே நின்றால் ஒழுகுகிறது என்று அர்த்தம், வெளிக்குழாயே இல்லை என்றால் வரைபடத்துக்கும் கட்டியதற்கும் சம்பந்தமில்லை என்று அர்த்தம். மழைக்காலத்தில் நிலத்தடி நீரே ஏறி நின்று மட்டம் சரியாக இருப்பதுபோலக் காட்டும், ஆகவே மழைக்கு முன்பே வர வேண்டுகிறோம். நீளக் கம்பை விட்டாலே அடியில் கான்கிரீட்டா மண்ணா என்று தட்டுப்படும். தயவுசெய்து ஆளை மட்டும் உள்ளே இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், இவர்கள் செய்த வேலைக்கு ஒரு கூலித் தொழிலாளி சாக வேண்டாம். வேண்டுமானால் கழிவறையில் சாயம் ஊற்றி, கிணற்றில் நிறம் வருகிறதா என்றும் பார்க்கலாம். வந்தால் சந்தேகமே இல்லை. வராவிட்டால் ஒழுகவில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிடாதீர்கள், மண்ணுக்குள் நீர் நகர நாளாகும்.

7. ஒழுகும் தொட்டிகளை லாரி வைத்துக் காலி செய்து, அடித்தளம் போட்டு, அனுமதித்த வரைபடப்படி கட்டச் சொல்லி நோட்டீஸ் கொடுங்கள். உறிஞ்சு குழியைக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி அமைக்க அவர்கள் மனையிலேயே இடம் இருக்கிறது. அதுவரை எங்களுக்கு லாரித் தண்ணீர் விடுங்கள், வாரம் ஒருநாள் வந்தால்கூடப் போதும், கைக்குழந்தைக்காவது.

மேல்வரிசைக்காரர்கள் மேல் எங்களுக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. மேஸ்திரி செய்ததை நம்பி வாங்கியவர்கள்தான் அவர்களில் பலர். ஆனால் கட்டியவர் போய்விட்டார், வாங்கியவர் தனக்குத் தெரியாது என்கிறார், அலுவலகம் பேசாமல் இருக்கிறது, குடிப்பது நாங்கள். அனுமதி கொடுத்தது தங்கள் பிரிவு. யாரிடம்தான் போய்க் கேட்பது?

மறுபடியும் கேட்கிறோம் ஐயா, ஒருமுறை வந்து மூடியைத் திறந்து பாருங்கள். வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் ஸ்லாப்பைத் தூக்க ஆட்களையும் கடப்பாரையையும் நாங்களே தயார் செய்து வைக்கிறோம். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையின் நகலை இந்த மனுவோடும் இணைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழ்வரிசை குடியிருப்போர்
(கையொப்பங்கள் மறுபக்கம்)