கம்போஸ்ட் பை வாங்கும் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் தொட்டியில் கறிவேப்பிலையும் பின்வளவில் வெண்டியும் வளர்க்கும் உறவுகளே,

வணக்கம். போன மே மாதக் கடைசியில் வேல்ஸில் ட்ரெகாரன் ஊருக்குப் பக்கத்திலுள்ள கோர்ஸ் காரோன் சதுப்புக்குப் போயிருந்தேன். பலகைப் பாதையில் குனிந்து பார்த்தால், ஈரப் பாசிக்கு நடுவே ஒரு சாண் உயரச் செடி. நுனியில் சின்னக் குடங்களைக் கவிழ்த்தது போல இளஞ்சிவப்புப் பூக்கள். போக் ரோஸ்மேரி என்கிறார்கள். இலை ரோஸ்மேரி போல ஒடுங்கியிருப்பதால் வந்த பெயர். சமையலுக்கு ஆகாது, நஞ்சு. 1732இல் வட ஐரோப்பாவின் லாப்லாந்தில் இதைப் பார்த்த தாவரவியலாளர் லின்னேயஸுக்கு, கடலோரப் பாறையில் கட்டப்பட்ட கிரேக்கக் கதை இளவரசி ஆண்ட்ரோமெடா நினைவுக்கு வந்தாள். இந்தச் செடியின் காலடியிலும் எப்போதும் தண்ணீர். அவள் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்.

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் இந்த மடல்.

நாம் வாங்கும் கம்போஸ்ட் பைகள் பலவற்றில் பீட் கலந்திருக்கிறது. பீட் என்பது இந்தச் செடி நிற்கும் நிலமேதான். ஸ்பேக்னம் பாசி செத்து, புளித்த நீருக்குள் காற்றுப்படாமல், மக்காமல், அடுக்கடுக்காகப் படிந்தது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் ஏறும். ஒரு முழம் வெட்டினால் ஏறக்குறைய 450 வருஷம் போய்விடும். வெட்டுவதற்கு முதலில் வாய்க்கால் போட்டுத் தண்ணீரை வடிப்பார்கள். பாசி காயும், அப்புறம் ஆண்ட்ரோமெடாவும் போகும். காற்றுப் பட்ட பீட் மக்கி, இத்தனை காலம் பிடித்து வைத்திருந்த கரியைக் கரியமில வாயுவாக வெளியே விடும்.

இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டங்களுக்கு பீட் விற்பதை 2024க்குள் நிறுத்துவதாக அரசு 2022 ஆகஸ்டில் சொன்னது. சொன்ன காலத்துக்குள் சட்டம் வரவில்லை. நாம் காத்திருக்க வேண்டாமே. 'பீட் ஃப்ரீ' என்று எழுதாத பையை எடுக்காதீர்கள்.

மாற்று நமக்குப் பழகியதுதான்: தும்புத்தூள். இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கட்டியாக அழுத்தி இங்கே வருகிறது. கப்பலேறி வருவது குறைதான். ஆனால் அது தேங்காய் மட்டையில் மிஞ்சுவது, அடுத்த வருஷமும் மிஞ்சும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரமிருக்கும், விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். சத்துக் குறைவு, உரம் சேர்க்க வேண்டும். என் கறிவேப்பிலை இரண்டு குளிர்காலமாக அதில்தான் நிற்கிறது.

தமிழ்ப் பள்ளியிலோ கோயிலிலோ கன்று கைமாறும்போது, எந்த மண்ணில் வைத்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மே மாதம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோர்ஸ் காரோனுக்கு வாருங்கள். பலகைப் பாதை இருக்கிறது, சப்பாத்து நனையாது.

அன்புடன்,
லண்டனிலிருந்து உங்களில் ஒருத்தி