முதியோர் இசைக்குழுக்களும் அவற்றை நடத்துபவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுபெற்ற பிறகு வாத்தியம் கற்றுக்கொள்ளும் அமெரிக்க முதியோரைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். பென்சில்வேனியா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் ஒரு சிறு நகரத்தில் மகன் குடும்பத்தோடு வசிக்கும் நான், 62ஆம் வயதில் கிளாரினெட்டைக் கையில் எடுத்தேன். ஒன்பது ஆண்டுகளாக இவ்வூர்ப் பேண்டில் மூன்றாம் கிளாரினெட் வாசித்துவருகிறேன். ஆகவே, மூச்சு சீராகிறது, நினைவு தெளிகிறது, தனிமை அகலுகிறது என்று கட்டுரையாளர் எழுதியவை எல்லாம் நான் என் உடம்பாலேயே அறிந்தவை. ஆனால், இசை தெரிந்த எவரேனும் ஒருவர் முன்னால் நின்று தாளம் காட்டினால் போதும், குழு தானாக அமைந்துவிடும் என்ற பொருளில் ஒரே வரியில் நடத்துநரைக் கடந்துபோயிருந்ததை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. ஒரு முதியோர் இசைக்குழு நிலைப்பதும் கலைவதும் நடத்துநரைப் பொறுத்தே அமைகிறது என்பதைத்தான் நான் இந்த ஒன்பது ஆண்டுகளில் கண்டேன்.

நம் கச்சேரி மேடையில் இப்படி ஒருவர் தனியாக நிற்பதில்லை. பாடுபவரே தொடையில் தாளம் போடுகிறார். மிருதங்கக்காரரும் வயலின்காரரும் அவரைப் பார்த்தபடி தொடர்கிறார்கள். நாற்பது பேர் ஆளுக்கொரு இசைத்தாளை வைத்துக்கொண்டு, தம் பங்கை மட்டுமே கண்ணால் காணும் பேண்டில் அது நடவாது. அனைவருடைய பங்கையும் ஒருசேரக் காணக்கூடிய முழுத்தாள் நடத்துநர் ஒருவரிடம்தான் இருக்கிறது. கச்சேரி கேட்க வருபவர்களுக்குக் கோலை அசைக்கும் கை மட்டுமே தெரிகிறது. ஆனால் எந்த உருப்படியைத் தேர்ந்தெடுப்பது, யாரை எங்கே உட்காரவைப்பது, எந்தத் தவற்றைத் திருத்துவது, எதை இன்றைக்கு விட்டுவிடுவது என்ற முடிவுகள் எல்லாம் அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அவர் எடுத்துவிட்டவை.

அமெரிக்க ஊர் பேண்டுகளின் வரலாற்றைப் பார்த்தாலும், அவற்றைத் தாங்கி நின்ற மனிதர்களின் பெயர்களே மீண்டும் மீண்டும் முன்னால் வருகின்றன. எங்கள் பகுதியில் இருக்கும் ஆலன்டவுன் பேண்டு 1828ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவருவது. படையைச் சாராத பேண்டுகளில் இந்நாட்டிலேயே மிகப் பழையது என்று போற்றப்படுவது. அதை 1926 முதல் 1976 வரை, ஐம்பது ஆண்டுகள், ஆல்பர்ட்டஸ் மேயர்ஸ் என்ற ஒருவரே நடத்தினார். அணிவகுப்பு இசைக்குப் புகழ்பெற்ற ஜான் பிலிப் சூசாவின் பேண்டில், டிரம்பெட் போன்ற கார்னெட்டை வாசித்தவர் அவர். ஆலன்டவுனில் ஓடையின் குறுக்கே உயர்ந்து நிற்கும் பழைய எட்டாம் தெருப் பாலத்துக்கு இன்று அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அமைச்சருக்கோ படைத்தலைவருக்கோ அல்லாமல் ஒரு பேண்டு மாஸ்டருக்குப் பாலத்தின் பெயரைக் கொடுத்த ஊரைக் கடந்துபோகும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

அயோவா மாநிலத்தில் ஃபோர்ட் டாட்ஜ் என்ற ஊருக்கு 1920இல் வந்து சேர்ந்த கார்ல் கிங்கும் அப்படிப்பட்டவர்தான். சர்க்கஸ் பேண்டுகளில் வாசித்தும் அவற்றை நடத்தியும் வளர்ந்த அவர், 1971இல் இறக்கும்வரை அந்த ஊரின் பேண்டை விட்டு அகலவில்லை. அவர் வந்த மறு ஆண்டில், 1921இல், அயோவாவில் ஒரு சட்டம் நிறைவேறியது. ஊர் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால் பேண்டுக்கென்று ஒரு சிறு வரியை நகராட்சி விதித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பின்னர் வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. ஊர் பேண்டு என்பது ஆர்வம் உள்ளவர்கள் மாலையில் கூடிப் பொழுதுபோக்கும் இடம் மட்டுமன்று, அதை நடத்துபவருக்குக் கூலி கொடுத்தாக வேண்டிய பொதுப்பணி என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே சில சிற்றூர்கள் உணர்ந்திருந்தன.

பிறகு வானொலியும் சினிமாவும் காரும் வந்தன. பூங்கா மேடைகளில் கூட்டம் குறைந்தது. பேண்டு பள்ளிக்கூடத்துக்குள் குடிபுகுந்தது. பதினெட்டு வயதுவரை டிராம்போன் வாசித்த பையன், பள்ளியை முடித்ததும் அதைப் பெட்டியில் வைத்துப் பரண்மேல் ஏற்றிவிடுவது இந்நாட்டில் வழக்கமாயிற்று. அவர்களைத் திரும்ப அழைத்த குழுக்களை ஒன்றுசேர்க்க 1977இல் கான்செர்ட் பேண்டுகளுக்கான சங்கம் ஒன்று தோன்றியது. ஒருநாளும் வாத்தியத்தைத் தொட்டிராத முதியோரை அழைத்தது, 1991இல் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் ராய் எர்ன்ஸ்ட் தொடங்கிய 'நியூ ஹொரைசன்ஸ்' இயக்கம். ஈஸ்ட்மன் இசைக் கல்லூரியில் இசைக்கல்விப் பேராசிரியராக இருந்த அவர், ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் முதல் ஸ்வரத்திலிருந்து தொடங்கி ஒரு பேண்டாக அமர முடியும் என்று செய்து காட்டினார். தங்கள் கட்டுரை பாராட்டிய குழுக்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவையே.

உங்களால் முடிந்த அளவுக்கு வாசித்தால் அதுவே போதும் என்பது எர்ன்ஸ்ட் தம் குழுவினருக்குச் சொன்ன வாசகம். இதைச் சோம்பலுக்கு உரிமம் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எப்படி வாசித்தாலும் "அருமை, அருமை" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பும் நடத்துநர்களை நான் பார்த்திருக்கிறேன். அத்தகைய குழுவிலிருந்து நன்றாக வாசிப்பவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள், மீதம் இருப்பவர்களுக்கும் தாங்கள் முன்னேறவில்லை என்பது தெரியாமல் போவதில்லை. முடிந்த அளவு எது என்பதைப் புதிதாகக் கற்பவர் தாமே அறியமாட்டார். அதைக் கண்டுபிடித்து, அந்த எல்லைவரை அவரை அழைத்துச்செல்வதுதான் நடத்துநரின் வேலை.

எங்கள் குழுவுக்கு முதலில் வாய்த்தவர் பள்ளிகளில் இருபத்தைந்து ஆண்டுகள் பேண்டு கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவர். கூர்மையான செவி, இசையறிவில் எவ்விதக் குறையும் இல்லை. ஒருநாள் ஒத்திகையில் டிராம்போன் வரிசையில் ஏதோ பிசகு கேட்டது. அவர் குழுவை நிறுத்தினார். அங்கே அமர்ந்திருந்த 78 வயதுப் பெரியவர் ஒருவரைக் கோலால் சுட்டி, அந்த நான்கு அளவுகளை, அதாவது தாளில் கோடிட்டுப் பிரித்த நான்கு தாளக் கட்டங்களை, தனியாக வாசிக்கச் சொன்னார். பெரியவர் இரண்டு முறை முயன்றார், வரவில்லை. மூன்றாம் முறை சொன்னபோது வாத்தியத்தை மடியில் சாய்த்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார். அறையில் எவரும் பேசவில்லை. அடுத்த வாரம் அவர் நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. அந்த நடத்துநர் கொடியவர் அல்லர். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பலித்த முறையையே அவர் இங்கும் கையாண்டார். பிள்ளை மறுநாளும் வகுப்புக்கு வந்தாக வேண்டும். வருகைப் பதிவேடும் மதிப்பெண்ணும் பெற்றோரும் அதைக் கட்டி வைத்திருக்கிறார்கள். முதியவரை விருப்பம் ஒன்றைத் தவிர வேறெதுவும் கட்டி வைத்திருக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் தம் தொழிலில் தேர்ந்தவராக வாழ்ந்துவிட்டு, முதன்முறையாக எதுவும் தெரியாதவராக நாலுபேர் முன்னால் அமர்ந்திருக்கும் மனிதரின் கூச்சம் அந்த நடத்துநரின் கண்ணுக்குப் படவில்லை. இரண்டு ஆண்டுகளில் எங்கள் குழு பாதியாகச் சுருங்கிற்று.

அவருக்குப் பின் வந்த அம்மையாரும் பள்ளி ஆசிரியைதான். ஆனால் எங்களிடம் வந்த நாளிலேயே எங்களைப் படிக்கத் தொடங்கிவிட்டார். பிசகு கேட்டால் ஒருவரைச் சுட்டமாட்டார். அந்த வரிசை முழுவதையும் மெதுவான காலத்தில் சேர்ந்து வாசிக்கச் சொல்வார், தவறியவர் தாமே தெரிந்து திருத்திக்கொள்வார். செவிக்கருவி அணிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். அக்கருவி பேச்சுக்கென அமைந்தது, நாற்பது வாத்தியங்களின் ஒலிக்கு நடுவே ஒருவர் பேசினால் அதில் ஒன்றும் பிரியாது. ஆகவே வாசிப்பு முற்றிலும் அடங்கிய பிறகே பேசுவார், எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, எந்த அளவிலிருந்து தொடங்குகிறோம் என்பதை இருமுறை சொல்லி, எல்லோரும் தாளில் இடத்தைக் கண்டுகொள்ளும்வரை காத்திருப்பார். பல்செட் வைத்துக்கொண்ட பிறகு மேல் ஸ்வரங்களை இழந்து மனமுடைந்திருந்த டிரம்பெட்காரர் ஒருவருக்கு, டிரம்பெட்டைவிடப் பெரிய வாய்முனை உள்ள யூஃபோனியம் என்ற தாழ்சுருதிப் பித்தளை வாத்தியத்தைக் கொடுத்துப் பார்த்தார். இன்று எங்கள் குழுவில் மிக இனிமையான ஒலி அவருடையது.

வாத்தியங்களின் எண்ணிக்கையும் இத்தகைய குழுக்களில் ஒருநாளும் ஒழுங்காக அமைவதில்லை. எங்களிடம் பத்துப் புல்லாங்குழலும் ஆறு ஆல்ட்டோ சாக்ஸபோனும் இருக்கின்றன. பிரெஞ்சு ஹார்ன் ஒன்றே ஒன்று. ஓபோவும் பசூனும் அறவே இல்லை. அச்சிட்டு வரும் இசைத்தாளை அப்படியே வைத்து வாசித்தால் நடுவில் பெரிய ஓட்டைகள் விழும். அம்மையார் ஹார்னின் பங்கைச் சாக்ஸபோனின் சுருதிக்கு மாற்றி எழுதுகிறார். பசூன் பங்கை யூஃபோனியத்துக்குக் கொடுக்கிறார். பார்வை மங்கியவர்களுக்குத் தாளைப் பெரிதாக நகலெடுக்கிறார். பனிக்காலத்தில் குழுவில் கால்வாசிப் பேர் ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுவார்கள் என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் என்று சிறு குழுவுக்கான உருப்படிகளைத் தனியாகத் தேடி வைத்திருக்கிறார். இவை எவையும் கோலை அசைக்கும் வேலையில் சேராதவை.

உருப்படியைத் தேர்ந்தெடுப்பது இவை எல்லாவற்றிலும் கடினமானது. பெர்சி கிரெய்ஞ்சர் என்ற இசையமைப்பாளர் நாட்டுப்புறப் பாடல்களைக் கொண்டு பேண்டுக்கென எழுதிய 'லிங்கன்ஷயர் போசி', இன்று அவ்வகை இசையின் சிகரங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1937இல் மில்வாக்கி நகரில் அது அரங்கேறியபோது, வாசிக்க அமர்ந்தவர்களில் பீர் ஆலைகளின் தொழிலாளர் பேண்டுகளைச் சேர்ந்தவர்கள் பலர். ஆறு பகுதிகளில் மூன்று மட்டுமே அன்று ஒலித்தன. இசையை ஆக்கியவரே கோலைப் பிடித்திருந்தும், எதிரில் இருப்பவர்களால் இயலாததை மேடையேற்ற முடியவில்லை. ஊர் பேண்டை நடத்துபவர்கள் மறக்கக்கூடாத நிகழ்ச்சி இது. இங்கே பேண்டு இசையை ஒன்று முதல் ஆறு வரை நிலை பிரித்து வெளியிடுகிறார்கள். தம் இசை நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்காக நான்காம் நிலையை எடுத்து இரண்டாம் நிலைக் குழுவின் தலையில் வைப்பவரால் வரும் கேடு, தாளம் தவறுபவரால் வரும் கேட்டைவிடப் பெரிது. எங்கள் அம்மையார் ஒவ்வொரு கச்சேரிக்கும் நாங்கள் எளிதாக வாசிக்கக்கூடியவை நான்கும், எட்டிப் பிடிக்க வேண்டியது ஒன்றுமாக வைக்கிறார். அந்த ஒன்றுக்காகத்தான் நான் தினமும் காலையில் ஒரு மணி நேரம் சாதகம் செய்கிறேன்.

இவ்வளவுக்கும் அவருக்குக் கிடைப்பது பெட்ரோல் செலவுக்கும் எட்டாத ஒரு சிறு தொகை. நாங்கள் கட்டும் சந்தா, தேவாலயக் கூடத்தின் வாடகைக்கும் இசைத்தாள் வாங்குவதற்கும் சரியாகப் போய்விடுகிறது. முதியோர் நலனுக்கென்று வரும் நன்கொடைகளால் வாத்தியங்களும் நாற்காலிகளும் வாங்கலாம், நடத்துபவருக்குச் சம்பளம் கொடுக்கலாகாது என்று விதி வைப்பவர்களும் இருக்கிறார்கள். வாத்தியம் இல்லாதவர் இரவல் வாங்கி வாசிக்கலாம். நல்ல நடத்துநரை இரவல் வாங்க முடியாது. அயோவாக்காரர்கள் 1921இல் கண்ட வழியைத்தான் நகராட்சிகள் மீண்டும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராசெஸ்டரில் கல்லூரி மாணவர்களே முதியோர் வகுப்புகளுக்குக் கற்றுக்கொடுக்க வந்தார்கள். இருபது வயதில் தம் பாட்டனார் வயதுள்ளவருக்குப் பொறுமையாக விரல் வைக்கச் சொல்லித்தரும் மாணவர், பின்னாளில் கோலைப் பிடிக்கும்போது எங்கள் முதல் நடத்துநர் செய்த பிழையைச் செய்யமாட்டார் என்றே நம்புகிறேன். இசைக்கல்வி படிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஒரு பருவமேனும் முதியோர் குழுவில் பணியாற்ற வேண்டும் என்று கல்லூரிகள் விதித்தால், இந்த இயக்கத்துக்கு அடுத்த தலைமுறை கிடைக்கும்.

அது எங்களுக்கு உடனடித் தேவையாகவும் ஆகிவிட்டது. அம்மையார் கணவரின் பணிமாற்றத்தால் வரும் ஆகஸ்டில் வேறு மாநிலத்துக்குப் போகிறார். அவருடைய இடத்துக்கு இதுவரை நான்கு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். தங்கள் கச்சேரிப் பதிவுகளை அனுப்பியிருக்கிறார்கள். அவற்றைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டாம் என்று எங்கள் குழு தீர்மானித்திருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில், அன்றைக்கு வந்து சேர்ந்தவர்களை வைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரச் சாதாரண ஒத்திகை ஒன்றை நடத்தித் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறோம். டிராம்போன் வரிசையைச் சேர்ந்த பழைய பெரியவருக்கும் நான் கடிதம் எழுதியிருக்கிறேன். அந்த நான்கு செவ்வாய்களிலும் வாத்தியத்தோடு வந்து அமர ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பென்சில்வேனியா, அமெரிக்கா.