புதன்கிழமை ரோட்டா சொட்டு மருந்து

அனைவருக்கும் வணக்கம். வரும் புதன்கிழமை காலை 9 முதல் 12 மணி வரை நம் தெரு அங்கன்வாடியில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள்.

1. குழந்தைகளுக்குக் கடும் பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸைத் தடுக்கும் மருந்து 6, 10, 14 வார வயதில். ஊசி இல்லை, வாயில் விடும் சொட்டுதான். இலவசம்.
2. நாள் தள்ளிப்போயிருந்தாலும் கூட்டி வாருங்கள். ஒரு வயதுக்குள் முதல் தவணையைத் தொடங்கலாம்.
3. தடுப்பூசி அட்டை அவசியம்.
4. மருந்து போட்ட பிறகும் வேறு கிருமிகளால் பேதி வரலாம். வந்தால் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். யார் சொன்னாலும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மருத்துவர் தரும் ஜிங்க் மருந்தை, பேதி நின்றாலும் 14 நாள் முடியுங்கள். கண் குழிந்தால், சிறுநீர் குறைந்தால், குழந்தை துவண்டால் உடனே மருத்துவமனை.

வருபவர்கள் குழந்தையின் வயதைச் செவ்வாய் மாலைக்குள் இங்கே பதிவிடுங்கள்.