அக்காவுக்கு: அந்த மனு பற்றி

அக்கா,

நம் ஊர் ரேடியோ ஸ்டேஷனில் பழைய பாட்டு திரும்ப வேண்டும் என்று நீ அனுப்பிய மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை. போனில் சொன்னால் சண்டையாகும், அதனால் எழுதுகிறேன். அத்தையும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார். சிலவற்றைத் தாண்டிப் போவேன், உனக்குப் புரியும்.

திங்கட்கிழமையிலிருந்து நம் ஸ்டேஷனில் கன்ட்ரி பாட்டுக்குப் பதில் விளையாட்டுப் பேச்சு. எங்கிருந்தோ சாட்டிலைட்டில் வருகிறது. மெர்ல் ஹாகர்ட், லொரெட்டா லின் பாட்டெல்லாம் ரேடியோவை விட்டுப் போனதைத்தான் மனு முழுக்க எழுதியிருக்கிறாய். இங்கே கடைக்கு வருகிறவர்கள் தேடுவது மதிய இரங்கல் அறிவிப்பை. பழைய டிராக்டர் விற்கப் போன் போடுவார்களே, அந்த நிகழ்ச்சியை.

உனக்கா தெரியாது? 2013 ஏப்ரல் 26, கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் நாஷ்வில்லில் இறந்த வெள்ளிக்கிழமை. நாள் முழுக்க அவர் பாட்டுதான். கிளினிக்கிலிருந்து வந்து வாசலில் காரை நிறுத்தியவள் இறங்கவே இல்லை. நான் வந்து கண்ணாடியைத் தட்டி, 81 வயது மனுஷருக்கா இப்படி அழுகிறாய் என்று கேட்டேன். மதியம் உன் பேஷன்ட் ஒருவரின் பெயரை ரேடியோவில் வாசித்தார்கள் என்றாய். உனக்கே அப்படித்தான் தெரிய வந்திருக்கிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்தது. இரவில் ஏஎம் அலை வானத்தில் பட்டு வெகுதூரம் போய் மற்ற ஸ்டேஷன்களோடு மோதும் என்பதால் நம்முடையது பவரைக் குறைத்தாக வேண்டும். பாட்டின் நடுவிலேயே கரகரப்பு. நீ வால்யூமைக் கூட்டினாய், கரகரப்புதான் கூடியது. கடைசியில் ஏதோ ஸ்பானிஷ் பிரசங்கம் மேலே ஏறி வந்ததும் சிரித்துவிட்டாய். அப்புறம் நீ சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

டாக்டர்களுக்கான விசா விதிப்படி மூன்று வருஷம் இருந்தால் போதும் என்ற டென்னசி கிராமத்தில் அதற்கு மேலும் இருந்தவள் நீ. என்னையும் வரவழைத்தாய். டாலஸுக்குப் போனது தப்பே இல்லை. பிள்ளைகளின் படிப்பு, மற்றது. ஆனால் அங்கே உட்கார்ந்துகொண்டு "ஸ்டேஷனை விட்டுட்டியேடா" என்று மெசேஜ் போடுகிறாயே! விதைக்கடை மூடிய பிறகும் ஸ்டேஷனுக்கு விளம்பரம் கொடுத்தது என் கடை. எவ்வளவு என்று இங்கே சொல்ல முடியாது, வீட்டில் தெரியாது.

சரி, மனு யாருக்கு? ஸ்டேஷன் எந்த வகை நிகழ்ச்சி போடுவது என்பதைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்ற எஃப்சிசியின் (அமெரிக்க ஒலிபரப்பு ஆணையம்) கொள்கையை உச்ச நீதிமன்றம் 1981-லேயே ஏற்றுக்கொண்டது. ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை ரேடியோ ஸ்டேஷன் வைத்திருக்கலாம் என்ற வரம்பையும் 1996 சட்டம் எடுத்துவிட்டது. நம் இரண்டு கையெழுத்தை வைத்து என்ன செய்வார்கள்? மன்னித்துக்கொள், ஆனால் போட மாட்டேன்.

தீபாவளிக்கு வா. இரங்கல் வாசித்தவர் இப்போது சர்ச் பலகையில் பெயர்களை எழுதிப் போடுகிறார். உன் பேஷன்ட்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டுக்கொள். என்னைக் கேட்காதே.

தம்பி