சுவரில் ஓர் ‘அ’

யாங்கோன்,
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் நலம்.

சென்ற ஞாயிறு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது பேரன் பக்கத்திலிருந்து கூப்பிட்டான். நீ கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினாய். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அதன் பிறகு நீயும் அழைக்கவில்லை.

ஆடி மாதம் நீ அனுப்பிய தலைச்சுற்றல் பயிற்சித் தாளை அகராதியோடு உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டேன். அதன் தலைப்பில் உள்ள காவ்தோர்ன், குக்சி இருவரும் 1940களில் இங்கிலாந்தில் உள்காது பழுதுபட்டவர்களைப் படுக்கவிடாமல் எழுப்பி, கண்ணையும் தலையையும் அசைக்கவைத்துத் தேற்றிய மருத்துவர்கள். உனக்கு வந்ததுபோல் ஒரு பக்கத்துச் சமநிலை நரம்பு பலம் குன்றிவிட்டால், இரு காதுகளும் மூளைக்கு அனுப்பும் செய்தி ஒத்துப்போவதில்லை. தலை அசையும்போது பார்வை வழுக்குகிறது. அந்தப் பிழையைத் திரும்பத் திரும்பச் சந்தித்துத்தான் மூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. பிழையே நேராதபடி தலையைக் கட்டிவைத்தால் அது எதைத் திருத்தும், அம்மா?

ஆகவே ஒரு தாளில் ‘அ’ என்று எழுதிக் கண் மட்டத்தில் சுவரில் ஒட்டு. எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் ஒரு நிமிடம் திருப்பு. பிறகு மேலும் கீழும். எழுத்து மங்காத அளவுக்கே வேகம் போதும். முதலில் உட்கார்ந்து செய். நின்று செய்யும்போது மூலைச் சுவரில் முதுகு இருக்கட்டும், முன்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும். தலை சுற்றத்தான் செய்யும். சில நிமிடங்களில் அடங்கிவிட்டால் சரியான அளவு. வெகுநேரம் நீடித்தால் வேகத்தைக் குறை, நிறுத்திவிடாதே. தினமும் மூன்று வேளையாவது செய்.

தட்டோன் ஊரில் நம் வீட்டுக் கிணற்றுச் சுவர்மேல் கை விரித்து நடந்தவள் நீ. உன் மாணவர்களை ஒருநாள் பாடம் தவறவிடாத நீ உன் உடம்பை மட்டும் ஏன் நாளைக்கு என்று தள்ளுகிறாய்?

உன் அம்மாவுக்கு இதே தலைச்சுற்றல் வந்தபோது நான் பித்தம் என்றேன். இஞ்சிச் சாறு கொடுத்து, அசையாதே என்று கட்டிலில் கிடத்தினேன். முதல் சில நாட்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மாத்திரையை மாதக்கணக்கில் நானே கடையில் வாங்கிவந்தேன்; அதை நீண்ட நாள் விழுங்கினால் மூளை பழகுவதே தாமதமாகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கூட்டத்தில் நடக்க முடியவில்லை என்று அவள் பீலிக்கான் கோயில் தீமிதிக்கு வர மறுத்தபோது, பக்தி போய்விட்டது என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்கட்டுப் படியில் நடந்ததை நீ அறிவாய். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

இங்கே நாட்காட்டிக்குப் பக்கத்தில் நானும் ஓர் ‘அ’ ஒட்டியிருக்கிறேன். காலை ஆறரைக்கு அதன் முன் உட்காருவேன். சிங்கப்பூரில் அப்போது எட்டு மணி. நீயும் அந்த நேரத்தில் உட்கார். மூன்று வேளை, மறக்காதே.

ஞாயிறு பேசும்போது பேரனை உன் இடப்பக்கம் உட்காரச் சொல்.

அன்புடன்,
அப்பா